பல்லுக்குள் எழுந்த சுவர்

அத்தியாயம் 17

எங்கள் வீட்டுச் சண்டை என் வாய்க்குள் நடக்கிறது. கேலிக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே அங்கேதான் நடக்கிறது.

மேல்வரிசையில் இடது கோரைப்பல்லுக்கு அடுத்த பல். போன குளிர்காலத்தில் அதில் ஆழமாகச் சொத்தை விழுந்தது. என் கணவன் ராதோமிர், எனக்கு ராதே, சோம்போர் ஊருக்கே பல் மருத்துவன். வீட்டின் கீழ்த்தளத்தில்தான் அவன் கிளினிக். பத்துப் படி இறங்கினால் போதும். நான் இறங்கவில்லை. பஸ் ஏறி நோவி சாத் போய், பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவ ஆராய்ச்சி செய்யும் என் நாத்தனார் விதாவிடம் வாயைத் திறந்தேன்.

காரணம் என் முன்பல். கல்யாணமான புதிதில் ராதே அதன் நரம்பைக் கொன்றான். ஒரே வருஷத்தில் பல் சாம்பல் நிறமாகிவிட்டது. "செத்த பல்லு கறுக்கத்தான் செய்யும், கேப் போட்டா யாருக்குத் தெரியப்போகுது?" என்றான். அன்றிலிருந்து உதட்டை மூடித்தான் சிரிக்கிறேன். இன்னொரு பல்லையும் அவனிடம் சாகக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

விதா அன்றைக்குச் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "பல்லுக்குள்ள உயிருள்ள சதை இருக்கு அண்ணி. அதுல ஸ்டெம் செல்லுங்க சும்மா தூங்கிட்டிருக்கும். அடிபட்டா முழிச்சுக்கும். ஓட்டை விழுந்த இடத்துக்கு ஓடிப்போய், பல்லு எதால ஆச்சோ அதாலேயே ஒரு சுவர் எழுப்பும். சின்ன ஓட்டைன்னா அதுவே அடைச்சுடும். பெரிசுன்னா அதுக்குத் தெம்பு பத்தாது. நாம கொஞ்சம் தட்டி எழுப்பணும், அவ்வளவுதான்."

மருந்தில் நனைத்த கடுகளவு பஞ்சை ஓட்டைக்குள் வைத்து மேலே அடைத்துவிட்டாள். பஞ்சு கரையும், அந்த இடத்தில் சுவர் வளரும் என்றாள். ஏப்ரலில் ராதேவுக்கு விஷயம் தெரிந்தது. அதன் பிறகு அண்ணனும் தங்கையும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அந்த ஏப்ரல் கூத்தைத்தான் உங்களுக்கு ஏற்கனவே சொல்லி முடித்தேனே.

இப்போது நவம்பர். விதாவின் ஆராய்ச்சி கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறது. அவள் அடைத்த பற்களில் இரண்டு செத்துவிட்டன. இன்னொன்று செத்தால் கடையை மூடு என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். கடைசியாகப் பார்க்க வேண்டியது என் பல். திங்கட்கிழமை அதை எக்ஸ்ரே படம் எடுக்கப் போவதாக இருந்தோம்.

அதற்கு முந்தின சனிக்கிழமை எங்கள் வீட்டு ஸ்லாவா.

ஸ்லாவா என்றால் அந்தக் குடும்பத்தின் புனிதருக்கு உரிய நாள். ராதே வீட்டுக்கு தூய திமித்ரி. அந்த நாளில் யாரையும் அழைக்கும் வழக்கம் இல்லை, வந்தவர்களைத் திருப்பி அனுப்பும் வழக்கமும் இல்லை. ஜென்மப் பகையாளி வந்து நின்றாலும் வாசலிலேயே ஒரு கரண்டி கோதுமை கொடுத்து உள்ளே விட வேண்டும். அதனால் விதா வருவாள் என்பது எனக்கும் தெரியும், ராதேவுக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

கோதுமையை வேகவைத்து, வால்நட்டும் சர்க்கரையும் பொடித்துக் கலந்து, மேலே சிலுவை வரைந்து வைப்பது என் வேலை. கடையில் பொடியாகவே விற்கிறார்கள். நான்தான் பெரிய இல்லத்தரசி ஆயிற்றே! தோட்டத்து வால்நட்டை நானே உடைத்தேன், நானே அரைத்தேன்.

காலையில் பாதிரியார் வந்தார். மெழுகுவர்த்தி ஏற்றினோம். ரொட்டியில் திராட்சை ரசம் ஊற்றி வெட்டினோம். சிலுவை போட்டுக்கொண்டு முதல் கரண்டிக் கோதுமையை நான் வாயில் போட்டேன்.

கடக்.

வால்நட் ஓடு. கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. அது என் பல்லில் இருந்த அடைப்பைப் பெயர்த்துக்கொண்டு நாக்கில் விழுந்தது. அடுத்த மூச்சு உள்ளே போனதும் குளிர்க்காற்று பல்லின் அடி வரைக்கும் இறங்கியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் பக்தியில் அழுகிறேன் என்று பாதிரியார் நினைத்துக்கொண்டார்.

ராதே அப்படி நினைக்கவில்லை.

"கீழ வா" என்றான்.

"விதா மத்தியானம் வந்துடுவா. அவளே பாத்துக்கட்டும்."

"வீட்டுல ஒரு பல் டாக்டர் குத்துக்கல்லாட்டம் நிக்கறேன். ஊர் சிரிக்கணுமா? வா, சும்மா மேலாப்புல அடைச்சு விடறேன்."

சும்மா அடைத்துவிடுகிறேன் என்றான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறக்க மாட்டேன்.

கிளினிக் நாற்காலி அவன் அப்பா காலத்தது. தோலை மட்டும் இரண்டு முறை மாற்றியிருக்கிறார்கள். அதில் சாய்ந்தேன். ஐஸ் போலக் குளிர்ந்த பஞ்சு உருண்டையை அவன் பல்லில் தொட்டான். நான் அரையடி துள்ளினேன்.

"ம்" என்றான்.

"வலிக்குது ராதே. உயிரோட இருக்கு, இல்ல?"

"பேசாத. ஊசி போடறேன்."

"அடைக்கறதுக்கு எதுக்கு ஊசி?"

"நீ துள்ளினா நான் எப்படி அடைக்கறது?"

கன்னம் மரத்தது. அவன் கண்ணாடிமேல் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தான். அடைப்பின் மிச்சத்தை ட்ரில் சுரண்டியது. அது கரகரவென்று கேட்டது. பிறகு சத்தம் மாறியது. கெட்டியான எதையோ தொட்டது. ட்ரில்லை நிறுத்திவிட்டான்.

நிறுத்தினவன் அப்படியே இருந்தான். விளக்கைச் சரிசெய்தான். சின்னக் கொக்கியால் தட்டிப் பார்த்தான். மறுபடி தட்டினான். அவன் மூச்சு என் நெற்றியில் பட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் அவன் என் முகத்தை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. இன்றைக்கும் என் முகத்தையா பார்த்தான்?

"என்ன?" என்று வாயைத் திறந்தபடியே கேட்டேன்.

ட்ரில்லை மறுபடி எடுத்தான்.

இந்தத் தடவை அது நெடுநேரம் ஓடியது. துப்பச் சொன்னான். துப்பினேன். கிண்ணத்தில் தண்ணீர் ரோஜா நிறத்தில் சுழன்று இறங்கியது.

கையைக் கழுவிக்கொண்டே, எனக்கு முதுகைக் காட்டியபடி சொன்னான்: "செத்துப்போச்சு தெசா. உள்ள ஒண்ணுமில்ல, சேறு மாதிரி இருந்துச்சு. நரம்பை எடுத்துட்டேன்."

மேலே மணி அடித்தது. முதல் விருந்தாளி வந்துவிட்டார்.

ஸ்லாவா நாளில் வீட்டுக்காரன் உட்காரக்கூடாது. வந்தவர்களுக்கு ஊற்றிக்கொண்டு நின்றபடியே இருக்க வேண்டும். ராதே நின்றான். நான் முட்டைக்கோஸ் இலையில் இறைச்சி சுருட்டிய சர்மாவைத் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து வைத்தேன். பாதி உதடு மரத்துப்போய்த் தொங்கியது. எல்லாரும் நலம் விசாரித்தார்கள். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

எங்கள் கல்யாணத்தில் சாட்சி நின்ற ஸ்தானோயே மட்டும் விடவில்லை. சாட்சி நின்றவர் என்றால் எங்கள் ஊரில் சொந்த அண்ணனுக்கும் மேலே. வாய்க்கு வந்ததைப் பேச அவருக்கு உரிமை உண்டு.

"என்னம்மா தெசா, வாய் கோணிக்கிட்டு? புருஷன் அடிச்சானா, அடைச்சானா?"

"ரெண்டும்தான்" என்றேன்.

"என்னைப் பாரு. இந்தப் பாவி எனக்கு ஒரு பல்லு பாக்கி வெக்கல. இப்ப நிம்மதியா இருக்கேன். நான் கட்டில்ல தூங்கறேன், என் பல்லு டம்ளர்ல தூங்குது. ஒருத்தரை ஒருத்தர் தொந்தரவு பண்ணிக்கறதே இல்ல."

மேசை முழுக்கச் சிரித்தது. ராதேவும் சிரித்துக்கொண்டே அவருக்கு ராக்கியா, எங்கள் ஊர்ப் பழச்சாராயம், இன்னொரு கோப்பை ஊற்றினான்.

அப்போதுதான் விதா வந்தாள். பழைய பச்சைக் கோட்டு. கையில் ஒரு வெள்ளைப் பூங்கொத்து. நாற்பத்தைந்து வயதாகிறது. பார்த்தால் பரீட்சைக்கு வந்த பெண் மாதிரி இருந்தாள். ராதே தட்டை நீட்டினான். அவள் சிலுவை போட்டுக்கொண்டு ஒரு கரண்டி கோதுமை எடுத்தாள்.

"ஸ்லாவா வாழ்த்து அண்ணா."

"வா."

ஏழு மாதத்தில் அவர்கள் பேசின முதல் பேச்சு இதுதான்.

கோதுமையை விழுங்குவதற்குள் அவள் கண் என் உதட்டில் விழுந்துவிட்டது. "அண்ணி, என்ன ஆச்சு?"

நான் வாயைத் திறக்கும் முன்னால் ராதே முந்திக்கொண்டான். மேசை மொத்தமும் கேட்கிற மாதிரிச் சொன்னான். "உன் அற்புதம் ஆச்சு! அடைப்பு பேந்துச்சு, உள்ள பாத்தேன். பல்லு செத்து எத்தனை மாசமோ. சுவரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

அவள் முகத்தில் இருந்த ரத்தம் எங்கே போயிற்றோ. அவள் கத்தியிருந்தால் எனக்குத் தேவலாம் என்று இருந்திருக்கும். பூங்கொத்தைப் பிடித்தபடியே கேள்வி கேட்டாள்.

"நாத்தம் இருந்துதா?"

"இருந்துச்சு."

"ரத்தம் வந்துதா?"

"வரல."

"கொஞ்சங்கூட?"

"செத்ததுல ஏது ரத்தம்? இதுகூடவா யுனிவர்சிட்டியில சொல்லித் தரல?"

ஸ்தானோயே தொண்டையைக் கனைத்தார். விதா நாற்காலியில் உட்கார்ந்து, பூவை மடியில் வைத்துக்கொண்டாள். "சரி, அப்ப திங்கட்கிழமை தோல்வின்னே சொல்லிடறேன்" என்றாள். அவள் பொய் சொல்லத் தெரியாதவள். அண்ணன் பொய் சொல்வான் என்றும் அவளுக்குத் தோன்றவில்லை.

ரோஜா நிறத்தில் சுழன்ற தண்ணீரை நான் பார்த்திருந்தேன் அல்லவா?

சூடான சர்மா எடுக்க ராதே சமையலறைக்கு வந்தான். நான் கதவைச் சாத்தினேன்.

"செத்த பல்லுக்கு ஊசி எதுக்குப் போட்ட?"

"தெசா, ஜனங்க காத்துட்டிருக்காங்க."

"ஐஸ் தொட்டதும் துள்ளினேன். துப்பினப்ப ரத்தம் வந்துச்சு. நான் ஜாக்ரபி டீச்சர்தான், முட்டாள் இல்ல. உள்ள என்ன இருந்துச்சு?"

அவன் பானை மூடியைத் திறந்தான், மூடினான். ஆவியில் கண்ணாடி மங்கிப்போயிற்று. அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசினான். அது இல்லாமல் அவன் முகம் வேறு யாருடையதோ போல இருக்கும்.

"இருந்துச்சு."

"என்ன?"

"சுவர். ஓட்டைக்கு மேல, ஓரத்துல இருந்து ஓரம் வரைக்கும். வெள்ளையா, கெட்டியா. தட்டினா கணீர்னு இருந்துச்சு. நான் முப்பது வருஷமா வாய்க்குள்ள பாத்துட்டிருக்கேன் தெசா, அப்படி ஒண்ணப் பாத்ததே இல்ல. யாரும் வெக்கல, அதுவா கட்டியிருக்கு."

அவன் குரலில் இருந்தது என்ன என்று எனக்குப் புரிந்தது. அது ஆசை.

"அப்புறம் ஏன்டா குடைஞ்ச?"

கோபத்தில் வாயில் 'டா' வந்துவிட்டது. அவன் கவனிக்கவில்லை.

"நிஜமான்னு பாக்கணும்னு இருந்துச்சு. மேலாப்புல அப்படித் தெரியலாம், உள்ள பொக்கா இருக்கலாம். பாக்கணும்னா குடைஞ்சுதான் பாக்கணும். குடைஞ்சேன். பொக்கு இல்ல. அதுக்குக் கீழ சதை செக்கச் செவேல்னு உயிரோட இருந்துச்சு."

"பாத்துட்ட இல்ல? அதோட நிறுத்தியிருக்கலாமே. ஏன் நரம்பை எடுத்த?"

"ஓட்டை போட்டாச்சு. இனி அவகிட்ட என்ன சொல்றது? நீ கட்டினத நான்தான் இடிச்சேன்னா?"

"ஆமா, அதத்தான் சொல்லணும்."

கண்ணாடியைத் துடைத்தான். "அந்த ஆராய்ச்சிப் படிப்புக்கு முதல்ல இடம் கிடைச்சது எனக்கு. உனக்குத் தெரியுமா? அப்பா சொன்னார், ஆம்பளப் பிள்ளை நாற்காலிய விட்டுட்டுப் போகக்கூடாது, ஸ்லாவாவும் கிளினிக்கும் உனக்கு, படிப்பு அவளுக்குன்னு. நான் முப்பது வருஷமா நரம்பைக் கொன்னுட்டிருக்கேன். பல்லு தானே ஆறிக்கும்னு இப்ப வந்து அவ சொன்னா, இத்தனை நாள் நான் பண்ணதுக்கெல்லாம் என்ன பேரு?"

எனக்கு அவன்மேல் ஒரு நிமிஷம் இரக்கம் வந்தது. ஒரே ஒரு நிமிஷம்தான். பிறகு நாக்கு அந்தப் பல்லைத் தொட்டது. கல்லைத் தொட்ட மாதிரி இருந்தது.

அவன் சர்மா பானையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். கதவைத் திறக்கும்போதே முகத்தில் விருந்துச் சிரிப்பை ஒட்டிக்கொண்டான்.

விதா கிளம்பிவிட்டாள். கோட்டு மாட்டும் இடத்தில் ஒரு கையை நுழைத்துக்கொண்டு நின்றாள். நான் அவளைச் சுவரோரமாக இழுத்து, கேட்டதையெல்லாம் சொன்னேன். உதடு ஒத்துழைக்காமல் இரண்டு மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அவள் அழவில்லை, அண்ணனைத் திட்டவும் இல்லை.

"ஓரத்துல இருந்து ஓரம் வரைக்கும்னா சொன்னான்?"

"ஆமா."

"எவ்வளவு தடிமன்? சொன்னானா?"

"சொல்லல. விதா, அவன் இடிச்சுட்டான். நான் சொல்றது புரியுதா?"

"புரியுது அண்ணி." கண் பளபளத்தது. "ஆனா முழுசா இடிச்சிருக்க முடியாது. நடுவுலதான் ஓட்டை போட்டிருப்பான். ஓரத்துல ஒட்டிக்கிட்டு மிச்சம் இருக்கும். படத்துல தெரியாது, சீவி மைக்ராஸ்கோப்ல வெச்சாத் தெரியும். அது ஸ்டெம் செல் கட்டின சுவரா, வெறும் சுண்ணாம்புப் படிவமான்னு பாத்த உடனே சொல்லிடலாம். யாராலயும் மறுக்க முடியாது." என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடி வலித்தது. "ஆனா அதுக்குப் பல்லு வெளிய வரணும்."

நான் அவளைப் பார்த்தேன்.

"நொறுங்காம முழுசா வரணும். திங்கட்கிழமைக்குள்ள. அண்ணி, இனிமே அத வெச்சுக்கிட்டு உங்களுக்கு என்ன பிரயோசனம்? செத்த பல்லுதானே. எனக்குக் குடுத்துடுங்க."

அண்ணனும் தங்கையும் ஒரே அச்சு. ஏப்ரலிலிருந்து இரண்டு பேரும் நடுவில் என்னை வைத்து இழுத்தார்கள். ஒருத்தி நல்லவள், ஒருத்தன் கெட்டவன் என்று நானும் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். மரப்பு விட்டுக் கன்னத்தில் வலி மெல்ல ஏறத் தொடங்கியிருந்தது. இரண்டு பல் மருத்துவர்கள் இருக்கிற வீட்டில், வலிக்கிறதா என்று என்னைக் கேட்க ஒரு நாதி இல்லை.

"தரேன்" என்றேன். "ஆனா பிடுங்கறது நீ இல்ல."

"பின்ன யாரு?"

நான் கூடத்துக்குள் போனேன். விதா ஒரு கை மட்டும் நுழைத்த கோட்டோடு என் பின்னால் வந்தாள்.

ராதே ஸ்தானோயேவின் கோப்பையில் திராட்சை ரசம் ஊற்றிக்கொண்டிருந்தான். மேசைமேல் காலையில் ஏற்றின மெழுகுவர்த்தி பாதி எரிந்திருந்தது. நான் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, ஒவ்வொரு வார்த்தையாக, சிரமப்பட்டுச் சொன்னேன்.

"ராதே, செத்த பல்ல வாயில வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப்போறேன்? நாளைக்கே பிடுங்கிடு. பிடுங்கி உன் கையால தங்கச்சிகிட்ட குடு. எடுத்துட்டுப் போய் நல்லாப் பாத்துப் படிக்கட்டும்."

ஸ்தானோயே மேசையைத் தட்டினார். "அப்படிச் சொல்லு! பொண்டாட்டின்னா இவதான்டா! புருஷன் பக்கம் எப்படி நிக்கறா பாத்தியா? படிச்ச தங்கச்சிக்கு இந்தச் சூடு வேணும்!"

எல்லாரும் கோப்பையைத் தூக்கினார்கள். அந்தக் கூடத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்கள் மூன்றே பேர்.

ராதே வெளுத்துப்போனான். "அதெல்லாம் எதுக்கு? இருக்கட்டும். மேல ஒரு கேப் போட்டுட்டா..."

"ஏன் அண்ணா?" கூடத்து வாசலிலிருந்து விதா கேட்டாள். "சேறு மாதிரி இருந்துச்சுன்னு நீதானே சொன்ன? செத்தத எடுக்கறதுக்கு என்ன தயக்கம்?"

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். உட்காரவும் முடியாது, வெளியே போகவும் முடியாது. ஸ்லாவா நாளில் வீட்டுக்காரனுக்கு நிற்க மட்டும்தான் உரிமை. முடியாது என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும்.

"சரி" என்றான் கடைசியில். "காலைல கீழ வா."

மறுபடி ஊற்ற ஆரம்பித்தான். கோப்பை ஒவ்வொன்றாக, ஒரு சொட்டு சிந்தாமல். ஊற்றிக்கொண்டே மேசையைச் சுற்றி என் பக்கம் வந்ததும், யாருக்கும் கேட்காத குரலில் கேட்டான்.

"பிடுங்கறப்ப பல்லு நொறுங்கறது சகஜம்தான், தெரியுமில்ல?"

"தெரியும்" என்றேன்.

"நொறுங்கிட்டா என்ன பண்ணுவ?"

அதற்குள் அவனை யாரோ கூப்பிட்டார்கள், சிரித்துக்கொண்டே போய்விட்டான். முழுசாக எடுப்பதும் நொறுக்கி எடுப்பதும் அவன் மணிக்கட்டில் ஒரு சின்னத் திருப்பம்தான். நாளைக் காலையில் அந்தக் குறட்டுக்குக் கீழே வாயைத் திறந்துகொண்டு உட்காரப்போகிறவள் நான்.